திருகு கழலாத துப்பாக்கி

அவர்கள் வண்டியை விட்டு இறங்கியபோது பன்றி இன்னும் சாகவில்லை.

கோடரியின் பின்புறத்தால் நெற்றியில் போட்ட அடி சரியாக விழவில்லை போலிருக்கிறது. ஆப்ரி ப்ரோபர்ட் அதன் விலாவில் முழங்காலை ஊன்றி, கழுத்தில் இறக்கிய கத்தியை இன்னொரு முறை திருகிக்கொண்டிருந்தான். அது போட்ட அலறல் பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. அவன் மனைவி ஓல்வென் உறைபனி படிந்த கல்தரையில் மண்டியிட்டு, பீறிட்டு வந்த ரத்தத்தை ஒரு பேசினில் பிடித்து, உறைந்துவிடாமலிருக்க வெறுங்கையால் கலக்கிக்கொண்டே இருந்தாள். முழங்கை வரை சிவப்பு. இடது கண்ணுக்குக் கீழே மஞ்சள் பூத்த பழைய காயம். வந்தவர்களை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க," என்றான் ப்ரோபர்ட், தலையைத் திருப்பாமலே. "இவன் போறேன்னும் சொல்ல மாட்டேங்கிறான், இருக்கேன்னும் சொல்ல மாட்டேங்கிறான்."

பெர்சி சிரித்தான். பெர்சி எதற்கும் சிரிப்பான். அவன் மனைவி ஹெஸ்டர் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் பண்ணைக்காரி, பன்றி அறுப்பது அவளுக்குப் புதிதல்ல. அந்த மனிதனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகளில் இருந்த துப்பாக்கிதான் ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு நவம்பர் காலையில், இதே பண்ணையில் வேலைக்கிருந்த அவள் தம்பி கிளெம் மாப்பின் மார்பைத் திறந்தது. கைகளின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. விபத்து என்று மரண விசாரணையில் தீர்ப்பாகிவிட்டது. அந்த மனிதன் சாட்சிக் கூண்டில் அழுதானாம். அவளுடைய கோபமெல்லாம் துப்பாக்கியின் மேல்தான்.

போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், கோழிக்குஞ்சுகளுக்கும் பழைய கலப்பைக்கும் நடுவில் அந்த விளம்பரம் வந்திருந்தது. இரட்டைக்குழல், வெளியே தெரியும் சுத்திக் குதிரைகள், பர்மிங்காம் வேலை, எட்டுப் பவுண்டு, ப்ரோபர்ட், கூம்ப் பண்ணை. அதைப் படித்த இரவிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். அதை வாங்க வேண்டும். நாலு துண்டாக அறுத்து ஆற்றில் போட வேண்டும். இன்னொருவன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுப்புறா சுடப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வரும் வழியில் பெர்சியிடம் கண்டித்துச் சொல்லியிருந்தாள். "நான் யாருன்னு சொல்லக் கூடாது. கிளெம் பேரே எடுக்கக் கூடாது. அந்த ஆளு ஏற்கெனவே நொந்து போயிருப்பாரு. வாங்கினோம், வந்தோம்னு இருக்கணும்."

"நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீங்க தொறக்காத நாள் எது?"

"தூங்கறப்ப."

"அப்பவும் குறட்டை."

ப்ரோபர்ட்டுக்கு அவளைத் தெரிய வழியில்லை. கிளெம் செத்த வாரம் அவள் காசநோய் மருத்துவமனையில், திறந்த வராந்தாவில், மூன்று கம்பளிக்குள் படுத்திருந்தாள். அடக்கத்துக்கு விடவில்லை. விசாரணையில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தாள். அந்தத் துணுக்கை எத்தனை தடவை படித்தாளோ, ப்ரோபர்ட் சொன்ன வாக்குமூலம் சொல்லுக்குச் சொல் மனப்பாடம். 'குதிரைகள் இரண்டும் இறக்கிய நிலையில்தான் இருந்தன. கிளெம் முதலில் வேலியைத் தாண்டும் மரப்படியில் ஏறினான். நான் துப்பாக்கியைத் தூக்கியபோது வலது குதிரை படியின் மேல்கட்டையில் இடித்தது. அவ்வளவுதான், வெடித்துவிட்டது.'

பன்றி அடங்கியது. ப்ரோபர்ட் எழுந்து கத்தியைச் சாக்கில் துடைத்தான்.

"உள்ள வாங்க. ஏய், அந்தப் பேசினையும் எடுத்துட்டு வா. கைய நிறுத்தினேன்னு வை, உன்னையும் மாட்டி வச்சிருவேன் அது பக்கத்துல." சொல்லிவிட்டு விருந்தாளிகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சமையலறையில் பெரிய கணப்பு எரிந்தது. ஓல்வென் மேசையின் ஓரத்தில் பேசினை வைத்துக்கொண்டு கலக்கிக்கொண்டே உட்கார்ந்தாள். ப்ரோபர்ட் கை கழுவாமலே உள்ளறைக்குப் போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தான்.

அழகாக இருந்தது. அதை ஹெஸ்டர் எதிர்பார்க்கவில்லை. முறுக்கி அடித்த குழல்கள். பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் சுழி சுழியாக, தண்ணீரில் எண்ணெய் விட்டது போல. குழல்களுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குதிரைகள், ஊசியைத் தட்டித் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்திகள், பின்னுக்கு வளைந்த கொம்புகளோடு. வாதுமைக் கட்டையில் கை படும் இடம் கறுத்து மெருகேறியிருந்தது. கிளெம் கடைசியாகப் பார்த்தது இதன் எந்தப் பக்கம் என்று யோசித்து, யோசிப்பதை நிறுத்தினாள்.

"தூக்கிப் பாருங்க அண்ணே," என்று பெர்சியிடம் நீட்டினான் ப்ரோபர்ட்.

"எனக்கில்லண்ணே. துப்பாக்கி வீட்டம்மாவுக்கு."

"அப்படியா?" அவன் ஹெஸ்டரை முதல் தடவையாகப் பார்த்தான். "சுடுவீங்களாம்மா?"

"முயல். சின்ன வயசுலேருந்து."

"இவரயும் அப்பப்ப குறி பாத்துப் பழகுங்க." அவனே சிரித்துக்கொண்டான். பிறகு குழல்களைக் கழற்றி, அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினான். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தது. "கேட்டீங்களா? ஒரு இடத்துல விரிசல் விட்டிருந்தாலும் ஓட்டப் பானையாட்டம் கேக்கும். எண்பது வருஷத்துச் சரக்கு. மலை மேல மேஜர் வீட்டு ஏலத்துல எடுத்தேன், ஐம்பத்தொண்ணு செப்டம்பர்ல. அதுவரைக்கும் எங்க அப்பன் வச்சிருந்த பழைய துப்பாக்கிதான். முப்பது வருஷம் அதையே தூக்கிச் சுமந்தேன்."

செப்டம்பர். அப்படியென்றால் கிளெம் சாவதற்கு ஆறேழு வாரம் முன்னால். ஹெஸ்டர் அதை மனதில் குறித்துக்கொண்டாள். அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

"திருகுகளப் பாருங்கம்மா. நல்லாக் குனிஞ்சு பாருங்க. ஒவ்வொரு திருகோட தலையும் செதுக்கு வேலை பண்ணின தகட்டோட எப்படிச் சேர்ந்து நிக்குது? ஒரு முறை கழட்டி மாட்டியிருந்தா இந்தக் கோடு இப்படிப் பொருந்தாது, வெட்டு முனை நசுங்கியிருக்கும். பர்மிங்காம்ல மாட்டின திருகு. அதுக்கப்புறம் ஒருத்தன் தொடல. நான் தொடல, எந்தக் கம்மியனும் தொடல. உள்ள குதிரைய ஆட்டுற பொறி, அந்தப் பூட்டு, எங்கிட்ட வந்தப்ப இருந்ததுதான் இன்னைக்கும்."

அவன் சொன்னது உண்மை. அவளுக்கே தெரிந்தது. செதுக்கிய இலைக்கொடி திருகுத் தலையின்மேல் ஏறி, மறுபக்கம் விட்ட இடத்தில் தொடர்ந்தது.

"சரிண்ணே," என்றான் பெர்சி. "ஆனா வெளிக் குதிரை ஆபத்தாச்சே. எங்க ஊர்ல ஒருத்தன், குதிரைய இறக்கித்தான் வச்சிருந்தான். நாய் தட்டி விட்டுச்சு. காலு போச்சு."

ஹெஸ்டர் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"அது பழைய மாடல்!" ப்ரோபர்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுல குதிரைய இறக்கினா நேரா ஊசி மேலயே உக்காந்திருக்கும். ஊசி தோட்டா மேல. ஒரு தட்டு தட்டினாப் போதும், மேல போய்ச் சேர வேண்டியதுதான். எங்க அப்பன் துப்பாக்கி அப்படி. இது வேறண்ணே. இதுல குதிரை அடிச்சதும் தானா ஒரு நூல் அளவு பின்னுக்கு வந்து பூட்டிக்கும். ஊசியத் தொடாது. விசைய இழுக்காம நீங்க என்ன பண்ணினாலும் தொடாது. நம்ப மாட்டீங்க. பாருங்க."

குழல்களை மாட்டினான். அலமாரியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வலது குழலில் போட்டு மூடினான். பெர்சி நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான். ப்ரோபர்ட் துப்பாக்கி வாயைக் கணப்புக்குள் திருப்பி வைத்து, இறைச்சி தட்டும் மரச் சுத்தியலால் வலது குதிரையின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தான். இன்னொன்று. மூன்றாவது அடிக்கு மேசைமேல் இருந்த கோப்பைகள் குதித்தன.

வெடிக்கவில்லை.

திறந்தான். தோட்டாவை எடுத்து ஹெஸ்டரின் உள்ளங்கையில் வைத்தான். "அடிப்பக்கம் பாருங்க. செப்பு மூடில ஒரு புள்ளி இருக்கா? ஊசி கிட்டயே போகல. மாதா கோயில் கோபுரத்துலேருந்து தூக்கிப் போட்டாலும் வெடிக்காது. தொட்டில்ல குழந்தை பக்கத்துல வச்சிட்டுப் போகலாம்."

செப்பு மூடி புதிதாக, பளபளவென்று இருந்தது.

'வலது குதிரை படியின் மேல்கட்டையில் இடித்தது. அவ்வளவுதான், வெடித்துவிட்டது.'

பதற்றத்தில் அவன் தன் அப்பனின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். முப்பது வருடம் சுமந்த துப்பாக்கி. அதில் என்ன விபத்து நடக்கும் என்று அவன் உடம்புக்கே தெரியும். அதை அப்படியே சொல்லியிருக்கிறான். கையில் இருந்ததோ ஆறு வாரப் புதுசு, யாராவது விசையை இழுக்காமல் வெடிக்காதது. விசாரணை நடத்தியவர் வக்கீல், துப்பாக்கி தெரிந்தவர் அல்ல. மேசைமேல் துணி போர்த்திக் கிடந்த துப்பாக்கியை அவர் திறந்தே பார்க்கவில்லையாம். இந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் பழைய மாடல்தான் என்பதால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. இடித்தால் வெடிக்கும், அதுதான் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே.

  தோட்டாவை மெதுவாக மேசைமேல் நிறுத்தி வைத்தாள். முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்து மறுபடி திருகுகளைப் பார்க்கிற மாதிரி இருந்தாள். இந்த வீட்டை விட்டு இந்தத் துப்பாக்கி ஒரு கீறல் இல்லாமல் வெளியே போக வேண்டும். வேறெதுவும் இப்போது வேண்டாம்.

"எட்டுப் பவுண்டா?" என்று கேட்டாள்.

"எட்டு."

"ஆறு," என்றான் பெர்சி.

"எட்டே குடுத்துடலாம்," என்றாள் ஹெஸ்டர்.

பெர்சி அவளை அதிசயமாகப் பார்த்தான். சந்தையில் ஒரு கோழிக்கு அரை மணி நேரம் பேசுகிறவள். "இந்தா, உனக்கு உடம்பு சரியில்லையா? அண்ணே, ஏழு. ஏழுக்கு மேல ஒரு பென்னி இல்ல."

"வீட்டம்மாவே எட்டுங்கிறாங்க!"

"அவங்களுக்குப் பன்றி ரத்தம் பாத்து மயக்கம். ஏழரை."

பேரம் முடிந்த அடையாளமாக ப்ரோபர்ட் உள்ளங்கையில் துப்பி நீட்டினான். பெர்சி நகர்ந்துகொண்டான். ஹெஸ்டர்தான் வாங்குகிறவள், அவள்தான் அடிக்க வேண்டும். அவள் கையை ஓங்கி அவன் கையில் அடித்தாள். காய்ந்த பன்றி ரத்தம் அவள் விரல்களில் ஒட்டியது. ஏழரைப் பவுண்டை எண்ணி வைத்தாள். அவன் வழக்கப்படி ஒரு ஷில்லிங்கை அதிர்ஷ்டக் காசாகத் திருப்பித் தந்தான். கை அடித்து அதிர்ஷ்டக் காசும் கை மாறிவிட்டால் அதற்குமேல் எவனும் பின்வாங்க முடியாது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒருவன் பின்வாங்கினால் அப்புறம் அவனிடம் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள்.

துப்பாக்கி அவளுடையது. அவள் அதை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிளம்பலாம்."

"ஒரு கோப்பை ஆப்பிள் சைடர் குடிக்காமலா? வியாபாரத்த நனைக்கணுமில்ல," என்றான் ப்ரோபர்ட். பெர்சி ஏற்கெனவே கோப்பையை நீட்டியிருந்தான். ஒன்று குடித்தான். இரண்டாவதும் குடித்தான். ஹெஸ்டர் எழுந்து நின்றாள். பெர்சியின் முகம் இளகிக்கொண்டே வந்தது. அவன் நல்லவன், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவன் வீட்டில் குடிக்க அவனால் முடியாது.

"ப்ரோபர்ட்டண்ணே, உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இவ கிளெம் மாப்போட அக்கா."

கணப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"உங்க மேல ஒரு வருத்தமும் இல்லண்ணே அவளுக்கு. இத அறுத்து ஆத்துல போடணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் வந்தோம்."

ஓல்வெனின் கை நின்றது.

ப்ரோபர்ட் அசையவில்லை. அவன் கண்கள் மேசையில் கிடந்த மரச் சுத்தியலுக்குப் போயின. அங்கிருந்து, பக்கத்தில் நிமிர்ந்து நின்ற தோட்டாவுக்கு. பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. ஹெஸ்டர் அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்த மலர்ச்சியைக் கனவில் கண்டு விழித்திருக்கிறாள்.

"கிளெம்மோட அக்காவா? அடக் கடவுளே. எவ்வளவு நல்ல பையன்." தொப்பியைக் கழற்றினான். "அறுக்கணுமா? அறுங்கம்மா. அறுக்க வேண்டியதுதான். நானே செஞ்சிருக்கணும். அவ்வளவு தூரம் எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? கொட்டகைல பட்டறைப் பிடி இருக்கு, இரும்பு அறுக்கிற வாள் இருக்கு. அஞ்சு நிமிஷம். நானே அறுத்துத் தர்றேன். பூட்டையெல்லாம் சம்மட்டில நசுக்கிடலாம். காசும் வேண்டாம், இந்தாங்க, எடுத்துக்குங்க." நோட்டுகளை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கையை நீட்டினான். "குடுங்க."

"வேண்டாம்," என்றாள் ஹெஸ்டர். "வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"ஏன்? அதானே நீ..." என்று ஆரம்பித்தான் பெர்சி.

"வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"எதுக்கு?" ப்ரோபர்ட்டின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அறுக்கத்தானே வாங்கினீங்க? இப்ப ஏன் வேண்டாம்?"

அவள் துணிச் சுருளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

"கை அடிச்சாச்சு," என்றாள். "என்னோடது."

அவன் மேசையைத் தாண்டி வந்தான். பெர்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒருவன் தன் மனைவிமேல் பாய்கிறான் என்பது விளங்கியது. பெரிய உடம்பை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். "அண்ணே, அண்ணே, என்ன இது, உக்காருங்க" என்று சிரித்தபடியே சொன்னான். ப்ரோபர்ட் அவன் மூக்கில் நெற்றியால் முட்டினான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. பெர்சி அப்போதும் விடவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டான். இருவரும் மேசையோடு சாய்ந்தார்கள். பேசின் கவிழ்ந்து தரையெல்லாம் ரத்தம் ஓடியது.

"ஓடு!" என்று கத்தினான் பெர்சி, வாயெல்லாம் சிவப்பாக.

ஓடினாள். முற்றத்தைக் கடந்து வண்டியில் ஏறி, துப்பாக்கியைப் பக்கத்து இருக்கையில் போட்டாள். சாவி வண்டியிலேயே இருந்தது. மூன்றாவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. முன்னால் பாதை திறந்து கிடந்தது. ஆறு மைலில் போலீஸ் நிலையம். பக்கத்தில், துணி விலகி, ஒரு குதிரை தெரிந்தது. கிளெம் இருபத்தி நாலு வயதில் ஈரப் புல்லில் கிடந்து எவ்வளவு நேரம் மூச்சு விட்டானோ, அதற்கெல்லாம் பதில் அந்த இருக்கையில் இருந்தது. கியரைப் போட்டாள்.

கண்ணாடியில் பார்த்தாள்.

பெர்சி வாசலில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் வந்த ப்ரோபர்ட் சுவரோரம் சாய்த்திருந்த கோடரியை எடுத்தான். பெர்சி ஒரு கையைத் தூக்கினான். கோடரியின் பின்புறம் அந்தக் கையில் இறங்கியது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கை புதிதாக ஓர் இடத்தில் மடங்கியது. ப்ரோபர்ட் கோடரியைக் கையிலேயே திருப்பிக்கொண்டான். இப்போது கூர்ப்பக்கம் கீழே இருந்தது.

அவள் கையில் வேறொன்றும் இல்லை. இருக்கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினாள். உடைந்துவிடும் என்று தெரிந்தே இறங்கினாள். குழல்களை இரு கையாலும் பிடித்து, உறைபனி மேல் சறுக்கியபடி ஓடி, அவன் கோடரியை ஓங்கி நின்ற கணத்தில், காதுக்குப் பின்னால் வீசினாள். கட்டையின் அடியிலிருந்த எஃகுத் தகடு எலும்பில் இறங்குவதை மணிக்கட்டில் உணர்ந்தாள். துப்பாக்கிக் கட்டை பிடியருகே முறிந்து பறந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான், ஏதோ விலை கேட்கப் போகிறவன் மாதிரி. அவள் இன்னொரு முறை வீசினாள். அவன் பன்றியின் பக்கத்தில் குப்புற விழுந்தான். கால் சிறிது நேரம் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஓல்வென் வாசலில் நின்றிருந்தாள். இறங்கி வந்து, குனிந்து, கணவனின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவன் அக்குளில் கைகொடுத்து, பாரம் இழுத்துப் பழகியவள் போல, தலை பக்கத்திலிருந்த கல்தொட்டியின் விளிம்பில் படும்படி அரை கஜம் இழுத்துப் போட்டாள்.

"வழுக்கி விழுந்துட்டாரு," என்றாள். "பனி. பன்றி ரத்தம் வேற. யார் கேட்டாலும் அதுதான்."

"அவரு கையும்..." ஹெஸ்டர் கேட்டாள். பெர்சியின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

"உன் புருஷன் தூக்கி விடப் போனாரு, அவரும் விழுந்துட்டாரு. கை ஒடிஞ்சிருச்சு. மூக்கும்." ஓல்வென் கோடரியை எடுத்துக் கழுவி, பழைய இடத்தில் சாய்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள். "உன் தம்பி என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னான். அப்புறம் போலீஸ்கிட்டன்னான். இவரு கேட்டுட்டாரு. மறுநாள் முயல் சுடலாம் வாடான்னு கூப்பிட்டாரு. நான் துணி காயப் போட்டுட்டு இருந்தேன். அவன் படில ஒரு காலு வச்சதும் இவரு குதிரையப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினாரு, பெருவிரலால, மெதுவா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவன் திரும்பினான். அப்புறம் விசைய இழுத்தாரு."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

ஓல்வென் வலது கையை நீட்டினாள். கடைசி இரண்டு விரல்கள் மடங்கியபடியே இருந்தன, விரியவில்லை. "சொல்லிடுவேன்னு சொன்னேன். அதுக்கு இது."

அவளே நாற்சந்திவரை நடந்துபோய்த் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்தாள். அந்த ஒரு மணி நேரம் பெர்சி, சாக்கில் கட்டிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் ஹெஸ்டர் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான்தானே வாயத் தொறந்தேன்," என்றான். மூக்கடைத்துப்போய்க் குரல் யாருடையதோ போல இருந்தது. "நான்தானே..."

"விடுங்க."

"அப்ப அந்தப் பொம்பள சொல்றதையே சொல்லிடு. கொன்னவன் செத்துட்டான். இன்னும் என்ன வேணும் உனக்கு? உன்னத் தூக்குல போடுவாங்க புள்ள. எனக்கு யாரு இருக்கா?"

அவன் சொன்னது சரிதான். அவள் மடியில் துப்பாக்கி இருந்தது. கட்டை போய்விட்டது, குதிரைக் கொம்பு ஒன்று வளைந்திருந்தது. பூட்டுத் தகடுகள் இரண்டும் அப்படியே இருந்தன. ஒரு திருகின் தலைகூட அசையவில்லை. பெருவிரலால் வலது குதிரையை அழுத்திப் பார்த்தாள். ஊசியைத் தொடாமல் நின்றது.

வழுக்கி விழுந்தான் என்றால் இது உடைந்த சாமான். வீட்டுக்குக் கொண்டு போகலாம், ஆற்றில்கூடப் போடலாம். ஒருவரும் கேட்க மாட்டார்கள். கிளெம் விபத்தில் செத்தவனாகவே ஏட்டில் இருப்பான், ப்ரோபர்ட்டும் விபத்தில் செத்தவனாக அவனுக்கு அடுத்த ஏட்டில் இருப்பான்.

கான்ஸ்டபிள் ட்ரான்டர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஓய்வு பெறும் வயது. பிணத்தின் முகத்தைச் சாக்கால் மூடினார். பெர்சியின் கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். ஓல்வென் சொல்லச் சொல்ல, கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பேட்டில் எழுத ஆரம்பித்தார். பனி, ரத்தம், கல்தொட்டி. இரண்டு வரி ஆகியிருந்தது.

"எழுதாதீங்க ஐயா," என்றாள் ஹெஸ்டர். "நான்தான் அடிச்சேன். இதால. ரெண்டு தடவ."

பெர்சி கண்ணை மூடிக்கொண்டான்.

ட்ரான்டரின் பென்சில் தாளில் அப்படியே நின்றது.  "அம்மா, உங்க வீட்டுக்காரர் கையப் பாத்தாலே என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியுது. இந்த வீட்டம்மா மூஞ்சியையும் பல வருஷமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். இந்த ரெண்டு வரியோட நிறுத்திக்கலாம். நீங்க இப்பப் பேசினது என் காதுல விழல."

"விழணும். நான் கிளெம் மாப்போட அக்கா. ஆறு வருஷம் முன்னால துணி போத்தி, மேசைல கொண்டு வச்சீங்களே, அது இதுதான். அன்னைக்கு யாருமே இத தொறந்து பாக்கல. நான் அடிச்சேன்னு நீங்க எழுதினா, இது மறுபடி அந்த மேசைக்குப் போகும். துப்பாக்கி தெரிஞ்ச ஆள ஒருத்தரக் கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லித்தான் ஆகணும். இடிச்சா இது வெடிக்காதுன்னு அப்பத் தெரியும். அவரு கழட்டுற வரைக்கும் இதுல ஒரு திருகையும் யாரும் தொடக் கூடாது. அதையும் எழுதிக்குங்க."

அவர் துப்பாக்கியை வாங்கக் கை நீட்டாமல் நின்றார்.

"என்னையும் எழுதுங்க," என்றாள் ஓல்வென். அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "நான் பாத்தேன். அன்னைக்கும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன்."

ட்ரான்டர் எழுதிய இரண்டு வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பக்கத்தைத் திருப்பினார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, தெரிந்திருந்தும், "பேரு?" என்று கேட்டார்.